செகாரியில் கழுவிய குவாலி

எங்கள் வீட்டில் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் காற்றைப் பற்றித்தான் பேசுவோம். காற்று எப்படி அடித்தது, கேரவனின் கூடாரத் துணி எப்படிக் கிழிந்தது, என் நாத்தனாரின் ஒற்றைச் செருப்பு எப்படிக் கடலுக்குள் போனது. கேட்கிற உறவுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அங்கே நடந்த இன்னொன்றைப் பற்றி மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. கணவர் பேச மாட்டார், நாத்தனார் பேச மாட்டார், மகள் பேசவே மாட்டாள். அவர்கள் பேசாமல் இருப்பது எனக்காக. அது தெரிந்தும் இரண்டு வருஷமாக நானும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், என் தோல் எவ்வளவு தடிப்பு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில் முகப்பில் உட்கார்ந்து பேர் பதிகிற வேலை பார்க்கிறேன். அங்கே வருகிறவர்கள் டாக்டரிடம் வாயைத் திறப்பதற்கு முன்னால் என்னிடம் திறந்துவிடுவார்கள். ஒருத்தர் ஜப்பானுக்குப் போய்வந்தேன் என்பார். இன்னொருத்தர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொரியா போகிறேன், அதனால் பல்லை அடுத்த மாதம் பிடுங்கலாமா என்பார். எங்கள் குடும்பம் விடுமுறை என்று போனதெல்லாம் கல்யாணம், கருமாதி, விட்டால் பினாங்குத் தைப்பூசம். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், மறைக்க என்ன இருக்கிறது. அதனால் மகள் கைப்பேசியில் அந்த கேரவன் படத்தைக் காட்டியபோது ஒரே பார்வையில் விழுந்துவிட்டேன். படுக்கை, அடுப்பு, சின்னக் குளிர்பெட்டி, எல்லாம் வண்டிக்குள்ளேயே. லூமுட்டில் ஒருவர் வாடகைக்கு விடுகிறார். மூன்று நாள் எடுத்தால் தெலுக் பாத்திக்கில் ஓர் இரவு, செகாரியில் ஓர் இரவு, அப்படியே கரையோரமாகப் பந்தாய் ரெமிஸ் வரை போய்த் திரும்பலாம். கணவர் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவர், பெரிய வண்டி அவருக்குப் பழக்கம். தனியாக இருக்கிற அவருடைய அக்காவையும் கூட்டிக்கொண்டோம். மொத்தம் நாலு பேர்.

பயணம் என்றதும் என் கை அதுவாகவே மிளகை இடிக்கப் போய்விட்டது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் நான் பிறந்த தோட்டத்தில் இப்போது ஒரு ரப்பர்ப் பால் மரம்கூடக் கிடையாது, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனை. செம்பனைக் கன்றின் குருத்தைத் தோண்டித் தின்னக் காட்டுப்பன்றி வரும். என் பெரியண்ணன் இன்னும் அந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார், பன்றி சிக்கினால் ஈப்போவுக்கு எனக்கும் ஒரு பங்கு வந்துவிடும். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்திலிருந்தே நாங்கள் வெளியூர் போனால் பன்னிக்கறி வறுவல்தான் கட்டிக்கொண்டு போவோம். மிளகும் காய்ந்த மிளகாயும் இடித்துப் போட்டு, தண்ணீர் சுத்தமாக வற்றி, அதன் கொழுப்பிலேயே கறுத்துச் சுருண்டு வரும்வரை வறுத்துவிட்டால் மூன்று நாளைக்குக் கெடாது. கல்யாணத்துக்குப் பஸ் பிடித்தாலும் அது வரும், ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்குப் படுக்கப் போனாலும் அது வரும். அண்ணன் கொடுத்தனுப்பிய இரண்டு கிலோவை முந்தின நாளே வறுத்து டப்பாவில் அடைத்துவிட்டேன்.

லூமுட்டில் வண்டியை ஒப்படைத்தவர் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். அறுபது வயதுக்கு மேலிருக்கும், முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நேராக இருந்தது. தண்ணீர்த் தொட்டி எங்கே, காஸ் எப்படித் திறப்பது, பக்கவாட்டில் இழுத்துவிடுகிற கூடாரத் துணியை எப்படிச் சுருட்டுவது, ஒவ்வொன்றையும் செய்து காட்டினார். கடைசியாக அடுப்புப் பக்கம் வந்து நின்றார். அங்கே கொக்கியில் ஒரு குவாலி தொங்கியது. குவாலி என்றால் எங்கள் ஊரில் அடி உருண்ட இரும்புச் சட்டி. புழங்கிப் புழங்கிக் கறுத்து வழவழவென்று இருந்தது.

“அக்கா, ஒண்ணே ஒண்ணுதான்” என்றார், மலாயில். “இந்த அடுப்புலதான் நானும் என் மனைவியும் சமைச்சிச் சாப்பிடுவோம். பேரப்பிள்ளைங்க வந்தா இதுலதான். ஹலால் இல்லாதது மட்டும் உள்ள வேண்டாம்.”

சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது, பார்வை குவாலி மேலேயே இருந்தது. நான் ரொம்பப் பணிவாகத் தலையை ஆட்டி, சரி பாக்சிக், புரிகிறது என்றேன். அவரைப் பாக்சிக் என்றுதான் கூப்பிட்டேன், மலாயில் சித்தப்பா மாதிரி. அந்த நேரம் டப்பா என் கார் பூட்டில் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நியாயமில்லாத கோபம், இருந்தாலும் வந்தது. இடைநிலைப் பள்ளியில் முதல் வருஷம், ஓய்வு நேரத்தில் ஒருத்தி என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு மேசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு அதில் இருந்தது வெறும் கருவாடு. அதற்கப்புறம் ஐந்து வருஷம் நான் பள்ளிக் கழிவறைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்றுதான் சாப்பிட்டேன். எங்கே போனாலும் எங்கள் சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு மூடி போடச் சொல்கிறார்கள் என்ற எரிச்சல் அன்றிலிருந்து உள்ளேயே கிடந்தது. அது அந்த மனிதர் மேல் திரும்பியது. அவர் என்ன பாவம் செய்தார், தன் வீட்டு அடுப்பைப் பற்றித் தன்மையாக ஒரு வார்த்தை சொன்னார்.

அவர் வீட்டுக்குள் போனதும் கணவர் மெதுவாக, “அது கார்லயே கெடக்கட்டும் லா” என்றார். காரை அவர் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். வெயிலில் மூன்று நாள் கிடந்தால் என்ன ஆவது, அண்ணன் ஆசையாகக் கொடுத்ததைக் குப்பையில் போடவா என்று நான் பாய்ந்தேன். வெளியே பாய் விரித்து உட்கார்ந்து பேப்பர் தட்டில் சாப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம், வண்டிச் சாமான் ஒன்றையும் தொடப் போவதில்லை. எனக்கு நானே வக்காலத்து வாங்குவதாக இருந்தால் இதைத்தான் சொல்ல வேண்டும்: என் திட்டம் அப்படித்தான் இருந்தது. டப்பாவைப் பையில் சுற்றி, செருப்புகள் வைக்கிற கீழ்த்தட்டில் தள்ளி, மேலே நாத்தனாரின் குடையை வைத்து மறைத்தேன்.

முதல் நாள் தெலுக் பாத்திக்கில் ஒரு குறையும் இல்லை. கடல் சும்மா கிடந்தது. நாத்தனார் கேரவன் படியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “பெரிய தொர மாரி இருக்கு” என்றார். நான் முப்பது படமாவது எடுத்திருப்பேன், பாதியை அங்கிருந்தே கிளினிக் குழுவுக்கு அனுப்பியும் விட்டேன். லூமுட் கடையில் வாங்கிய மீனும் சோறுமே அன்றைக்குப் போதுமானதாக இருந்தது.

செகாரிக்கு மறுநாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். நீளமான கரை, ஆள் நடமாட்டம் இல்லை, தூண்டில் போடுகிற இரண்டு பேர் எங்களைப் பார்த்ததும் சாமானைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அவர்கள் ஏன் கிளம்பினார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். சவுக்கு மரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஊஊவென்று கத்திக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தால் மணல் முகத்தில் அறைந்தது. பேச வாயைத் திறந்தால் பல்லுக்கு இடையில் நறநறவென்றது. கணவர் கூடாரத் துணியை இழுத்துவிட்டு அதற்குக் கீழே பாயை விரித்தார், பாய் ஓடிவிட்டது. நாலு மூலையிலும் கல் வைத்தோம். அடுத்து பேப்பர் தட்டுகள். கட்டைப் பிரித்த அடுத்த நொடி அத்தனையும் பறந்து கரை நெடுக உருண்டன. நாத்தனார் விடாமல் துரத்திக்கொண்டு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தட்டும் காலில் ஒரு செருப்பும் இருந்தன. வீட்டில் சொல்லிச் சிரிக்கிற கதை இங்கிருந்து நேராக மறுநாள் கிழிந்த கூடாரத் துணிக்குத் தாவிவிடும்.

எல்லாரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டோம். மகள் மட்டும் அலையைப் படம் எடுக்கிறேன் என்று முன்னால் போயிருந்தாள். நல்ல பசி. வழியில் வாங்கிய வெள்ளைச் சோறு பொட்டலத்தில் ஆறிப் போயிருந்தது. டப்பாவைத் திறந்தேன். கொழுப்பு வெள்ளையாக உறைந்து கறியை மூடியிருந்தது. அப்படியே தின்ன முடியாது, சூடாக்கியே ஆக வேண்டும். நாங்கள் கொண்டுவந்த சின்ன காஸ் அடுப்பை வெளியே பற்றவைக்கப் பார்த்தோம், அந்தக் காற்றில் தீக்குச்சி உரசுவதற்குள் அணைந்தது. உள்ளே கொக்கியில் குவாலி தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்றும் யோசிக்காமல் எடுத்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் யோசித்தேன். கையை நீட்டிவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். கணவர் என்னைப் பார்த்தார், நாத்தனார் என்னைப் பார்த்தார். கழுவினால் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். கறி சூடாகி அந்த மிளகு வாசம் வண்டி முழுக்க ஏறியதும் ஆள் ஆளுக்குச் சோற்றைப் பிரித்தோம். வண்டியிலிருந்த தட்டையும் எடுத்துக்கொண்டோம், கரண்டியையும் எடுத்துக்கொண்டோம். நாத்தனார் இரண்டு தடவை போட்டுக்கொண்டார். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு ருசியாக நான் அதற்கு முன்னாலும் சாப்பிட்டதில்லை, பின்னாலும் சாப்பிட்டதில்லை.

மகள் கதவைத் திறந்தாள். மூக்கை உறிஞ்சினாள். அடுப்பைப் பார்த்தாள்.

அவளுக்கு அப்போது இருபது வயது. கல்லூரி விடுதியில் மூன்று வருஷமாக அவளுடன் ஒரே அறையில் இருக்கிறவள் கிளந்தானிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பெண். அதனால் எனக்குத் தெரியாத பலது அவளுக்குத் தெரியும். இது சவர்க்காரம் போட்டால் போகிற விஷயம் இல்லை, ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை சுத்தமான மண் கலந்த தண்ணீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் அந்தச் சட்டியில் சமைத்துச் சாப்பிட முடியாது என்று விளக்கினாள். அதுவும் போதாது, சொல்லிவிடவும் வேண்டும் என்றாள். நான் மண் எடுத்துவருகிறேன், இப்போதே செய்யலாம் என்று மறுபடியும் கதவுப் பக்கம் திரும்பினாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறியது. “மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்துட்டு எனக்குச் சட்டி கழுவச் சொல்லித் தர்றியா? அவுங்க என்ன, கண்டாங்களா?”

“அவுங்களுக்குத் தெரியாதும்மா. நமக்குத் தெரியும்ல.”

“போடி, பெரிய இவ.”

அவள் கறியைத் தொடவில்லை. வெறும் சோற்றில் தயிரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மேல்படுக்கையில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குவாலியைச் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை தேய்த்தேன், துடைத்தேன், கொக்கியில் மாட்டினேன். வாசம் போக ஜன்னலைத் திறந்துவைத்தேன். மணல்தான் உள்ளே வந்தது.

காலையில் ஏழு மணிக்கு நாங்கள் எழுந்ததே சத்தத்தில்தான். சுமத்ரா பக்கமிருந்து வருகிற புயற்காற்று அது. மழை குறுக்காக அடித்தது, வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. கூடாரத் துணியைச் சுருட்டாமல் விட்டிருந்தோம். அது ஒரு தடவை படாரென்று அடித்துக்கொண்டு நடுவில் கிழிந்து, கம்பி வளைந்து கூரைமேல் கிடந்தது. கணவர் வண்டியைப் பின்னுக்கு எடுக்கப் பார்த்தார், பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி மணலுக்குள் இறங்கிவிட்டது. மழை ஓய்ந்தும் காற்று நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் பாக்சிக்கைக் கூப்பிட்டார். பட்டறை ஆள் யாரையாவது அனுப்பினால் போதும் சாமி என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவரே வந்தார், பழைய நாலு சக்கர இழுவை வண்டியில். பக்கத்தில் அவர் மனைவி, என் மகளுக்கு மாக்சிக், மலாயில் சித்தி மாதிரி. கிழிந்த துணியைப் பார்த்தார், வளைந்த கம்பியைப் பார்த்தார், போனால் போகிறது, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று மட்டும் கேட்டார். கணவரும் அவரும் சக்கரத்தடியில் மணலைத் தோண்ட ஆரம்பித்தார்கள். மகளும் உதவிக்கு இறங்கினாள். மாக்சிக் நனைந்த முக்காட்டைப் பிழிந்துகொண்டே வண்டிப் படியில் ஏறினார். கையில் ஒரு பை. சாப்பிட்டீர்களா என்றுதான் முதல் வார்த்தை. நாங்கள் சாப்பிடவில்லை. அவர்களும் சாப்பிடவில்லை, போன் வந்ததும் அப்படியே கிளம்பி வந்திருக்கிறார்கள். பையில் முந்தின நாள் சோறு, முட்டை, வெங்காயம், நெத்திலி. பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் சோற்றைப் பிரட்டித் தருகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டிக் கொக்கியிலிருந்து குவாலியை எடுத்தார்.

காக், நீங்கள் உட்காருங்கள், நான் செய்கிறேன் என்றேன். அவரைக் காக் என்று கூப்பிட்டேன், அக்கா என்று அர்த்தம். இத்தனூண்டு இடத்தில் இரண்டு பேர் எப்படி நிற்பது என்று சிரித்தார். சரி, அந்தத் தட்டைச் சட்டியில் செய்யுங்களேன் என்றேன். சோறு பிரட்ட இதுதான் சரி, கை பழகிய சட்டி என்று எண்ணெயை ஊற்றினார்.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். ஒரு முழம் தூரம்கூட இல்லை. சொல்ல வேண்டியது ரொம்பச் சின்ன வாக்கியம். காக், அதில் சமைக்காதீர்கள். பள்ளியில் மலாய்க் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான், எனக்குச் சொல் தெரியாமல் இல்லை. வெங்காயம் போட்டார். நெத்திலி போட்டார். அறுபது வருஷம் அந்த அம்மாவும் அவர் புருஷனும் வாயில் படாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒன்று என்னால் அவர்கள் வயிற்றுக்குள் போகப் போகிறது, அவர்களுக்குத் தெரியாமலேயே போகப் போகிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சோற்றைப் போட்டார். இப்போது சொல்கிறேன், முட்டையை உடைத்து ஊற்றட்டும் சொல்கிறேன் என்று தள்ளிக்கொண்டே போனேன். நாத்தனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாக்சிக் கரண்டியில் கொஞ்சம் சோற்றை எடுத்து உள்ளங்கையில் போட்டு, உப்புப் பார்க்க வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“மாக்சிக், சாப்பிடாதீங்க.”

மகள் படியில் நின்றாள், தலை முழுக்க நனைந்து. மலாயில், நிறுத்தாமல் சொன்னாள். “நேத்து நான் அந்தக் குவாலியில பன்னிக்கறி சூடாக்கிட்டேன். தட்டும் கரண்டியும் எடுத்தேன். நான்தான். அம்மாவுக்குத் தெரியாது.”

மாக்சிக் கை அப்படியே நின்றது. பிறகு உள்ளங்கைச் சோற்றைக் கழுவுதொட்டியில் உதறினார், அடுப்பை அணைத்தார், திரும்பி என்னைப் பார்த்தார்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் முகம் ஆச்சரியப்பட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒன்றும் செய்யவில்லை, என் முகம் அதுவாகவே கண்ணை விரித்தது, வாயில் கை வைத்தது. அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. மகளைப் பார்த்து, “என்னடி சொல்ற?” என்று தமிழில் சத்தமாகக் கேட்டேன், அவர்களுக்கு அந்தத் தொனி கேட்க வேண்டும் என்று.

அவள் படியிலிருந்து இறங்கிவிட்டாள்.

மாக்சிக் வெளியே போய்ப் புருஷனிடம் சொன்னார். அவர் கையிலிருந்த இரும்புக் கயிற்றைக் கீழே வைத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கருவாட்டுக் கதையை எடுத்திருப்பேன். அவர் வந்து குவாலியை ஒரு துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு இறங்கினார். பிரட்டிய சோற்றை மணலில் குழி தோண்டிப் போட்டு மூடினார். பிறகு மகளைக் கூப்பிட்டு மண் வேண்டும் என்றார். கடல் மணல் இல்லை, அந்த மரங்களுக்குப் பின்னால் போய்ச் சுத்தமான மண்ணாகப் பார்த்து எடுத்துவா.

அவள் போனாள். காற்றில் குனிந்து, இரண்டு கையாலும் தோண்டி, சட்டையின் முன்பக்கத்தை மடித்துப் பிடித்து அதில் மண்ணை அள்ளி வந்தாள். அவர் தண்ணீர்க் கலத்தைச் சாய்த்தார். அவள் குவாலியைப் பிடித்துக்கொண்டு மண் குழைத்துத் தேய்த்தாள். தேய்க்க வேண்டிய விதத்தை அவர் சொல்லச் சொல்ல அவள் தலையாட்டினாள். பிறகு ஒன்று, இரண்டு என்று எண்ணி எண்ணி வெறும் தண்ணீரில் ஆறு தடவை. அடுத்து கரண்டி. அடுத்து ஒவ்வொரு தட்டாக. மாக்சிக்கும் பக்கத்தில் வந்து தன் கையை அதே மாதிரி மண் போட்டுக் கழுவிக்கொண்டார். என் கணவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்வெட்டியுடன் நின்றார். ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்துகொண்டார்.

நான் வண்டிக்குள் இருந்தேன், ஜன்னலுக்கு இந்தப் பக்கம், ஈரம் படாமல்.

“போயி சொல்லு” என்றார் நாத்தனார், என்னைப் பார்க்காமல்.

“இனிமே என்னத்தச் சொல்றது. அவதான் சொல்லிட்டாளே.”

நாத்தனார் அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை. அவரும்தான் இரண்டு தடவை போட்டுத் தின்றார், அவரும்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று ஈப்போ வரும்வரை மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். திட்ட ஆள் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

ரொம்ப நாள் கழித்து, வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் மகளிடம் கேட்டேன். என்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னாய் என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “நீங்க செஞ்சதுன்னா வேணும்னு செஞ்சதும்மா. பாக்சிக் உங்ககிட்ட நேராச் சொல்லி, நீங்க சரின்னு சொன்னீங்க. நான் செஞ்சதுன்னா வெவரம் தெரியாத பிள்ளை செஞ்சது. அவுங்களுக்குக் கொஞ்சம் கம்மியா நோவும்னு நெனைச்சேன்.” நான் அவளை என் பக்கமிருந்துதான் யோசித்திருந்தேன். அவள் அந்த மனுஷியின் பக்கமிருந்து யோசித்திருக்கிறாள். பாக்சிக்கின் எண் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. நாலைந்து தடவை எழுதி எழுதி அழித்திருக்கிறேன், ஒரு தடவைகூட அனுப்பவில்லை.

அன்றைக்குக் காலையில் எல்லாம் முடிந்த பிறகும் அவர்கள் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை. பசியோடேயே வண்டியை இழுத்து மேட்டில் ஏற்றினார்கள். கழுவிய சாமானைத் துடைத்து மாக்சிக் ஒவ்வொன்றாக எடுத்துவந்து இருந்த இடத்தில் வைத்தார், குவாலியைக் கொக்கியில் மாட்டினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் எழுந்துவிடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லென்று இருந்தது.

“பிள்ளையத் திட்டாதீங்க, அக்கா” என்றார். “தெரியாம செஞ்சிருச்சி. ஆனா பாருங்க, பயப்படாம வந்து சொல்லிச்சே. எத்தனை பேரு சொல்லுவாங்க? நல்லா வளத்திருக்கீங்க.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். கை அவர் கைக்குள் இருந்தது, நாத்தனாரும் இறங்கிப் போயிருந்தார், வண்டியில் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“தெரிமா காசி, காக்” என்றேன். நன்றி அக்கா என்றேன்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது மகள் படியில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கைவரை மண். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை, மாக்சிக் சொன்னதும் நான் சொன்னதும் அவளுக்குக் கேட்டிருந்தது.

“ம்மா, கையத் தொடைக்க ஒரு துண்டு குடுங்க” என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.